அறுந்த கண்ணியைத் தேடி: நோயெதிர்ப்புச் சிகிச்சையைப் புற்றுநோய் மீறும் விதம்

முன்னுரை

புற்றுநோய் நம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பிக்கிறது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு எளிதான இந்த விளக்கம், சிகிச்சை ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. கட்டிக்குத் திட்டமும் கிடையாது, தந்திரமும் கிடையாது. அதிலுள்ள கோடிக்கணக்கான செல்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டவை. தாக்குதலில் மாய்பவை மாய, எஞ்சியவை பெருகுகின்றன. எனவே சிகிச்சைக்குக் கட்டி காட்டும் எதிர்ப்பு என்பது தேர்வின் விளைவு. அந்தத் தேர்வை நடத்துபவை நம்முடைய நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களும், அவற்றை முடுக்கிவிடும் மருந்துகளுமே. இதை ஏற்றால், மருந்து பலனிழந்த ஒவ்வொரு நோயாளியிடமும் நோயெதிர்ப்புத் தாக்குதல் என்னும் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடுவது மருத்துவத்தின் கடமையாகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

எலிகள் காட்டிய உண்மை

உடலின் காவல் புற்றுநோயை அடக்கி வைக்கிறது என்ற ஊகத்தை 1909இலேயே பால் எர்லிக் முன்வைத்தார். அதற்கு உறுதியான சான்று கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 2001இல் ராபர்ட் ஷ்ரைபரின் குழு, லிம்போசைட்டுகள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் இல்லாத எலிகளில் வேதிப்பொருளால் உண்டான கட்டிகளை நல்ல எலிகளுக்கு மாற்றிப் பொருத்தியது. அவற்றில் கணிசமானவை வளராமல் அழிந்தன. நல்ல எலிகளில் தோன்றிய கட்டிகளோ, மாற்றிய இடத்திலும் தடையின்றி வளர்ந்தன. காவல் இருந்த உடலில் வளர்ந்த கட்டி, அந்தக் காவலைத் தாங்கும் செல்களை மட்டுமே கொண்டிருந்தது. நீக்கம், சமநிலை, தப்பித்தல் என்ற மூன்று கட்டங்களாக இந்தப் போக்கு இன்று விளக்கப்படுகிறது. நோயாளி மருத்துவரிடம் வரும்போது அவர் உடலில் உள்ளது மூன்றாம் கட்டத்தை எட்டிய கட்டி.

சங்கிலியின் கண்ணிகள்

ஒரு டி செல் ஒரு புற்றுச் செல்லை அறிந்துகொள்ளும் கணத்தை அருகிலிருந்து பார்ப்போம். புற்றுச் செல்லின் உள்ளே பழுதடைந்த புரதம் துண்டாக்கப்படுகிறது. எட்டிலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, முதல் வகை எம்எச்சி என்னும் புரதத்தின் பள்ளத்தில் அமர்ந்து செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் முட்டுக் கொடுக்காவிட்டால் அந்த எம்எச்சி மேலே வந்து நிலைக்காது. துண்டை அடையாளம் கண்ட டி செல், செல்லைக் கொல்லும் நொதிகளோடு இன்டர்ஃபெரான்-காமாவையும் சுரக்கிறது. இச்செய்தி ஜேக்1, ஜேக்2 ஆகிய நொதிகளின் வழியே புற்றுச் செல்லுக்குள் இறங்கி, அதன் வளர்ச்சியைத் தடுத்து, இன்னும் அதிகமான துண்டுகளை வெளிக்காட்ட வைக்கிறது.

அதே செய்தி பிடி-எல்1 என்ற புரதத்தையும் பெருக்குகிறது. அது டி செல்லின் பிடி-1 ஏற்பியைப் பற்றி, தாக்குதலுக்குத் தடை போடுகிறது. பிடி-1ஐ 1992இல் இனங்கண்ட தசுக்கு ஹோஞ்சோவும், சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு தடையை விலக்கினால் எலிகளின் கட்டிகள் கரைவதை 1996இல் காட்டிய ஜேம்ஸ் ஆலிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று வழங்கப்படும் தடைநீக்கி மருந்துகள் இந்த அறிவிலிருந்து பிறந்தவை. ஆனால் தடையை நீக்குவது ஒரு கண்ணியை மட்டுமே சீராக்கும். மற்றக் கண்ணிகள் முழுமையாக இருந்தால்தான் அதனால் பயன் உண்டு.

நான்கு நோயாளிகள்

2016இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை மனிதரிடமே நிறுவியது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்ட நால்வருக்கு, பிடி-1 தடையை நீக்கும் பெம்புரோலிசுமாப் என்ற மருந்து நல்ல பலன் தந்து, பின்னர் நோய் திரும்பியது. சிகிச்சைக்கு முன்பும் நோய் திரும்பிய பிறகும் எடுத்த திசுக்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். ஒருவரிடம் ஜேக்1, இன்னொருவரிடம் ஜேக்2 செயலிழந்திருந்தது. மூன்றாமவரிடம் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணு சிதைந்திருந்தது. நான்காமவரிடம் தெளிவான காரணம் கிடைக்கவில்லை.

ஜேக் செயலிழந்த செல்லின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்டர்ஃபெரானின் கட்டளை அதற்குக் கேட்காது. அதனால் அது பிடி-எல்1ஐயும் பெருக்காது. விலக்குவதற்கே தடை இல்லாத இடத்தில், தடையை விலக்கும் மருந்து என்ன செய்யும்? அந்த நோயாளிக்கு அதே மருந்தைத் தொடர்வது, பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி செய்வது போன்றது.

பட்டியல் மட்டும் போதாது

பழுதடைந்த மரபணுக்களின் பட்டியல் இருந்தால் சிகிச்சையை முடிவு செய்துவிடலாம் என்று இதைக் கொண்டு வாதிடலாம். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் அதை மறுக்கிறது. அந்நோயின் புற்றுச் செல்களில் பெரும்பாலானவற்றில் முதல் வகை எம்எச்சி குறைந்தோ இல்லாமலோ இருக்கிறது. ஆயினும் 2015இல் வெளியான ஆய்வில், பிடி-1 தடையை நீக்கும் மற்றொரு மருந்தான நிவோலுமாப் பெற்ற 23 பேரில் 20 பேருக்கு நோய் பின்வாங்கியது. இந்நோயில் பிடி-எல்1 மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதும், இரண்டாம் வகை எம்எச்சியை அறியும் சிடி4 டி செல்கள் பங்கேற்பதும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. மெலனோமாவில் சிகிச்சையை முறியடித்த அதே குறை, இங்கே முறியடிக்கவில்லை. ஆகவே ஒரு கண்ணி அறுந்ததா என்பதோடு, அந்தக் கட்டியில் தாக்குதல் எந்த வழியே நடக்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

அறியாமல் செய்த முயற்சிக்கும் சான்று உண்டு. டி செல்லுக்குத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கட்டி ஐடிஓ என்ற நொதியால் சிதைத்துவிடுகிறது. அந்த நொதியை முடக்கும் எபாகடோஸ்டாட்டைப் பெம்புரோலிசுமாப்போடு சேர்த்து 700க்கும் மேற்பட்ட மெலனோமா நோயாளிகளிடம் சோதித்தனர். நோய் முன்னேறும் காலத்தை அது நீட்டிக்கவில்லை என்ற செய்தி 2018இல் வந்தது. ஒவ்வொருவர் கட்டியிலும் அந்த நொதிதான் தடையாக நிற்கிறதா என்பதைப் பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. கருத்து சரியாக இருக்கலாம். அது யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வி முதலில் கேட்கப்படவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்கு ஒரு விதி கிடைக்கிறது. நோய் திரும்பும்போது மீண்டும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். டி செல்கள் கட்டிக்குள் நுழைந்திருக்கின்றனவா, எம்எச்சி மேற்பரப்பில் உள்ளதா, இன்டர்ஃபெரானின் பாதை திறந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திசு எடுப்பது நோயாளிக்கு வலி, குடும்பத்துக்குச் செலவு. ஆனால் பயன் தராது என்று முன்பே தெரிந்திருக்கக்கூடிய மருந்துக்காக ஒரு குடும்பம் நகையையும் நிலத்தையும் விற்பது அதைவிடப் பெரிய வலி. அந்த நான்காம் நோயாளிக்குக் காரணம் கிடைக்காமல் போனதே இன்னும் தேடவேண்டிய கண்ணிகள் உண்டு என்பதற்குச் சான்று. அவரைப் போன்றவர்களின் திசுக்களைத் தொடர்ந்து ஆராய்வதுதான் இத்துறை அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.