சூலியா தெருவில் எங்கள் தச்சுப் பட்டறை

சங்க அலுவலகத்தில் பதிவேடுகள் இருக்கும் மெராந்தி அலமாரி எங்கள் பட்டறையில் செய்ததுதான்.

பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு வந்தபோது அவருக்குத் தச்சு வேலை தெரியாது. சீனத் தச்சர் ஒருவரிடம் மரம் சுமக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே இழைப்புளி பிடிக்கக் கற்றார். போர் முடிந்தபின் சூலியா தெருவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். நம்மவர் வீட்டுக் கல்யாணக் கட்டில்கள் பல அங்கே செய்தவை. பள்ளிவாசலுக்குச் சந்தூக் செய்தால் கூலி வாங்க மாட்டார். கடனுக்குக் கட்டில் எடுத்தவர்களிடமும் கேட்க மாட்டார் என்பதை வாப்பா சற்று வருத்தத்தோடுதான் சொல்வார்.

பட்டறை நிலைத்ததற்குக் கைத்திறன் மட்டும் காரணமல்ல. பழைய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாமல் வைத்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 2000 ஜனவரி 1 முதல் அந்தப் பாதுகாப்பு முற்றாகப் போயிற்று. புது வாடகை வாப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பட்டர்வொர்த்துக்கு மாற்றலாமா என்று எங்களைக் கேட்டார். அண்ணன் தம்பி மூவரும் அலுவலக வேலையில் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே, பட்டறை மூடியதற்கு வாடகையை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பாட்டனாரின் இழைப்புளி எங்களிடம் இருக்கிறது. அலமாரியின் இடது கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறதாம். அதை இழைத்துக் கொடுக்க எங்களில் யாருக்கும் தெரியாது.