வெள்ளி வந்த வழி – 17: கூஜாவின் அடியில் யார் பெயர்?

1918-இல் தொடங்கி அமெரிக்கா 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, பெரும்பகுதியை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். பிட்மன் சட்டம், உலகப்போர், பம்பாய் நாணயசாலை எல்லாம் குறித்து வைத்தாயிற்று. ஆனால் என்ன செய்ய, உருக்கிய வெள்ளியைவிட அடித்த வெள்ளிதான் என்னை இழுக்கிறது. டாலர் எங்கே ஓடிவிடப்போகிறது!

ஆதம்பாக்கத்து வாசகர்கள் ஆலந்தூரில் மெட்ரோ ஏறி எல்.ஐ.சி.யில் இறங்கினால், அண்ணா சாலையில் மணிக்கூண்டோடு பி.ஆர் அண்டு சன்ஸ் தெரியும். கட்டடக் கலைஞர் சிசோம் வரைந்து கொடுத்து 1879-இல் எழுந்த கட்டடம். கைக்கடிகாரக் கடை என்றுதானே நமக்குத் தெரியும்? கடையை நிறுவிய பீட்டர் ஆரும் கடிகாரத் தொழிலாளியாக வந்தவர்தான். ஆனால் லண்டன் வரை அவர் பெயரைக் கொண்டு சேர்த்தது ‘சுவாமி’ வெள்ளி. தேநீர்க் கூஜா, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், எல்லாவற்றிலும் சாமி உருவங்கள். 1875-76-இல் இங்கே சுற்றுப்பயணம் வந்த வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளின் ஏழாம் எட்வர்ட், ஊருக்குக் கொண்டுபோன பரிசுகளில் இந்தக் கடையின் தேநீர் செட்டும் ஒன்று. துரைமார் நம் தெய்வங்களின் தயவில் டீ குடித்திருக்கிறார்கள்!

அந்த வேலை லேசுப்பட்டதல்ல. கூஜாவின் உள்ளே வளைந்த கம்பியை விட்டுத் தட்டி முதலில் உருவத்தைப் புடைக்க வைக்க வேண்டும். பிறகு குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்கை உள்ளே ஊற்றி நிரப்பி, வெளியிலிருந்து சிற்றுளியால் கண், மூக்கு, நகை, ஆடை மடிப்பு என்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அடி வாங்க வாங்க வெள்ளி இறுகிவிடும். நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழிந்துவிடும்.

இத்தனையும் செய்த பத்தர் யார்? கூஜாவைக் கவிழ்த்துப் பார்த்தால் கடையின் முத்திரைதான் இருக்கும்.

அமெரிக்காவின் வெள்ளித் தட்டார் பால் ரெவியரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. 1775 நள்ளிரவுக் குதிரைச் சவாரியை விடுங்கள், அதை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். 1768-இல் காப்லி வரைந்த ஓவியம் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டில்லாமல், வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார் ரெவியர். ஒரு கை மோவாயில், மறு கையில் தேநீர்க் கூஜா. மேஜைமேல் செதுக்கும் ஊசிகள். கண்ணில் ‘நான் செய்தது’ என்கிற கர்வம். செய்த பாத்திரங்களில் தன் பெயரையே முத்திரையாகக் குத்தியவர் அவர். ஒரு தட்டாரை அவர் பட்டறைக் கோலத்திலேயே உட்கார வைத்து வரைய அங்கே ஓவியன் இருந்தான்.

பீட்டர் ஆரை வில்லனாக்க நான் தயாரில்லை. வியாபாரி வியாபாரம் செய்தார். நாம் மட்டும் என்ன செய்தோம்? சீர் வந்த வெள்ளிக் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். தாய்மாமன் பெயர் இனிஷியலோடு இருக்கும், கல்யாணத் தேதிகூட இருக்கும். அந்த எழுத்தை வெட்டியவரும் ஒரு பத்தர்தான். அவர் பெயரை வெட்டச் சொல்லி நம் வீடுகளில் யாரும் கேட்டதில்லை.

(தொடரும்)