வேலிக்கு இந்தப் பக்கம்

2025 ஜனவரி 7ஆம் தேதி, துபாய் ஆட்டோட்ரோமில் நடந்த பயிற்சி ஓட்டத்தின்போது நடிகர் அஜித்குமாரின் போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. நொறுங்கிய காரிலிருந்து அவர் காயமில்லாமல் வெளியே வந்தார். அந்த வார இறுதியில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. நான் வசிக்கும் வெக்ஸ்போர்டில், லாரன்ஸ் அவென்யூவிலுள்ள பலசரக்குக் கடையில் வரிசையில் நின்றவர்கள்கூட அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். “ஆளுக்கு ஆயுசு கெட்டி, தம்பி” என்றார் எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்.

ஆயுசு கெட்டிதான். ஆனால் அந்த ஆயுசுக்கு ஒரு வரலாறு உண்டு. பந்தயக் காருக்குள் இருப்பவரைக் காப்பாற்றும் பொருட்களில் பலவும் யாரோ ஒருவர் இறந்த பிறகு வந்தவை. அந்த வரலாற்றைப் படித்துக்கொண்டே போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. காருக்கு வெளியே நிற்பவர்களுக்கான பாதுகாப்பு அதைவிடவும் மெதுவாகவே வந்திருக்கிறது. பந்தயத்தில் நம்மில் பெரும்பாலோர் நிற்கப்போவது அந்தப் பக்கம்தான். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் காருக்குள் இருப்பவரின் கதை. வார்களால் இறுகக் கட்டப்பட்ட ஓட்டுநர் சுவரில் மோதும்போது உடம்பு நின்றுவிடும், தலை நிற்காது. தலைக்கவசத்தின் எடையும் சேர்ந்து தலையை முன்னால் இழுக்க, மண்டையோட்டின் அடிப்பகுதி உடையும். 1981இல் அமெரிக்காவின் மிட்-ஒஹாயோ தடத்தில் பாட்ரிக் ஜாக்மார் என்ற பிரெஞ்சு ஓட்டுநர் இப்படி இறந்தார். அவருடைய நண்பரும் ஓட்டுநருமான ஜிம் டவுனிங், தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம் இதைப் பற்றிப் பேசினார். ஹப்பர்ட் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடலியக்கப் பொறியியல் பேராசிரியர். இருவரும் சேர்ந்து ஒரு கருவியைச் செய்தார்கள். மாட்டின் கழுத்தில் நுகத்தடி உட்காருவதுபோல் அது ஓட்டுநரின் தோளில் உட்காரும். தலைக்கவசத்தை இருபுறமும் வாரால் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஹான்ஸ் என்று பெயர்.

1980களின் நடுவிலேயே கருவி தயார். வாங்கத்தான் ஆளில்லை. அசௌகரியமாக இருக்கிறது என்று ஓட்டுநர்கள் ஒதுக்கினார்கள். 1994 ஏப்ரல் 30 அன்று இத்தாலியின் இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தார். மறுநாள் அதே தடத்தில் அயர்ட்டன் சென்னா. 2001 பிப்ரவரியில் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். ராட்சன்பெர்கருக்கும் எர்ன்ஹார்ட்டுக்கும் நேர்ந்தது ஜாக்மாருக்கு நேர்ந்த அதே முறிவு. 2001 முடிவதற்குள் நாஸ்காரில் கழுத்துப் பாதுகாப்புக் கருவி கட்டாயமானது. 2003இல் ஃபார்முலா 1இல் ஹான்ஸ் கட்டாயமானது. ஜாக்மார் இறந்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு இந்தக் கதையில் பழகிய ஒன்று தெரிகிறது. நள்ளிரவில் ஒரு வங்கியின் சர்வர் விழுந்துவிட்டால், மறுநாள் நாங்கள் உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதுவோம். எது முதலில் உடைந்தது, யார் எப்போது கவனித்தார்கள், அடுத்த முறை உடையாமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் அதில் பதில் இருக்கும். யாரைத் திட்டுவது என்ற கேள்வி அதில் வராது. 1994க்குப் பிறகு உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. ஏறத்தாழ இதைத்தான் செய்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் சிட் வாட்கின்ஸ் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 1997 முதல் ஃபார்முலா 1 கார்களில் விபத்துப் பதிவுக் கருவி பொருத்தப்பட்டது. விமானத்தின் கறுப்புப் பெட்டியைப்போல, மோதலின் ஒவ்வொரு நொடியையும் அது எழுதி வைக்கும்.

பலன் கண்முன்னால் இருக்கிறது. 2018இல் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்ற டைட்டேனிய வளையம் வந்தபோது, பிடிக்கவில்லை என்று சொன்னவர்களில் ரொமெய்ன் குரோஷான் ஒருவர். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் அவருடைய கார் இரும்புத் தடுப்பைக் கிழித்து உள்ளே போய், இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. ஏறத்தாழ 28 நொடிகள் நெருப்புக்குள் இருந்துவிட்டுத் தானே ஏறி வெளியே வந்தார். தடுப்பின் இரும்புத் தகடுகள் தலையில் படாமல் காத்தது அந்த வளையம்தான்.

இனி வேலிக்கு வெளியே போவோம்.

1955 ஜூன் 11 அன்று பிரான்ஸின் ல மான் தடத்தில் பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் கார் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயங்களையே தடை செய்தது. 1977 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலாமியில், தீப்பிடித்து நின்ற ஒரு காரை நோக்கித் தீயணைப்பானுடன் தடத்தைக் கடந்து ஓடினார் ஃபிரெட்ரிக் யான்சன் வான் வூரன் என்ற 19 வயது மார்ஷல். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த டாம் பிரைஸால் அவரைப் பார்த்திருக்கவே முடியாது. இருவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள்.

நம் ஊர்க் கதை 1996 ஜூலை 14இல் நடந்தது. ஏரிக்கரையில் எக்சிபிஷன் பிளேஸைச் சுற்றி நடந்த டொராண்டோ இண்டி பந்தயம் முடிய இன்னும் சில சுற்றுகளே இருந்தன. லேக்‌ஷோர் சாலையின் நேர்ப் பகுதியில் ஜெஃப் கிராஸ்னாஃபின் காரும் ஸ்டெஃபான் யோஹான்சனின் காரும் சக்கரத்தோடு சக்கரம் உரசின. கிராஸ்னாஃபின் கார் மேலே எழும்பித் தடுப்புச் சுவருக்கு மேலே போய்ச் சிதறியது. அவரும், சுவரருகே பணியிலிருந்த காரி ஆவ்ரின் என்ற தன்னார்வ மார்ஷலும் இறந்தார்கள். ஓட்டுநரின் பெயர் பந்தய ரசிகர்களுக்கு நினைவிருக்கிறது. ஆவ்ரினின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அன்று வென்றவர் அட்ரியான் ஃபெர்னாண்டஸ். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1998 ஜூலை 26 அன்று மிச்சிகனில் அவருடைய கார் சுவரில் மோதியபோது, கழன்ற சக்கரம் வேலியைத் தாண்டிப் பார்வையாளர் வரிசையில் விழுந்தது. மூவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் சார்லட்டில் நடந்த இன்னொரு பந்தயத்திலும் சிதறிய துண்டுகள் பட்டு மூன்று பார்வையாளர்கள் இறந்தார்கள். சக்கரத்தைக் காரின் உடலோடு பிணைத்து வைக்கும் வலுவான கயிறுகள் வந்தது இதற்குப் பிறகுதான். கனடாவில் 2013 ஜூன் 9 அன்று, மொண்ட்ரியால் ஃபார்முலா 1 பந்தயம் முடிந்த பிறகு, நின்றுபோன காரை அப்புறப்படுத்திய கிரேன் வண்டி ஏறி மார்க் ராபின்சன் என்ற மார்ஷல் இறந்தார். கொடி இறங்கிய பிறகும் ஆபத்து தடத்திலேயே இருக்கிறது.

என்னோடு வேலை செய்த ஒருவர் கோடைக்காலங்களில் மோஸ்போர்ட்டில் மார்ஷலாக நிற்பவர். வெக்ஸ்போர்டிலிருந்து 401இல் கிழக்கே போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பௌமன்வில் அருகே வருகிற தடம் அது. 1961இல் திறக்கப்பட்டது, மான்ஃபிரெட் விங்கெல்ஹாக் 1985 ஆகஸ்டில் தன் உயிரைப் பறித்த விபத்தில் சிக்கியதும் அங்கேதான். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், வருகிற காருக்கு ஒருபோதும் முதுகைக் காட்டாதே என்பது. இரண்டாவது பாடம், இருவராக நில், ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் தடத்தைப் பார்க்கட்டும் என்பது. அவருக்கு இதற்குச் சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் ஒரு தொப்பியும் கிடைக்கும் என்று சிரித்தார்.

இனி தமிழ்நாடு. சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. செங்குன்றத்தைத் தாண்டியிருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. அது விமானம் இறங்குவதற்காகப் போட்ட தளம். கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக் கட்டியதல்ல. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் திறந்தது. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகியோரின் தலைமுறைக்கு அது கிடைத்தது.

அந்தத் தடத்தில் 2023இல் இரண்டு மரணங்கள் நடந்தன. ஜனவரி 8 அன்று தேசிய கார் பந்தயத்தில், 59 வயதான மூத்த ஓட்டுநர் கே.இ. குமாரின் கார் இன்னொரு காருடன் மோதித் தடத்தை விட்டு விலகி, வேலியில் இடித்துக் கவிழ்ந்தது. மருத்துவமனையில் அவர் இறந்தார். ஆகஸ்ட் 5 அன்று தேசிய மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் புதியவர் பிரிவில், பெங்களூரைச் சேர்ந்த ஷ்ரேயஸ் ஹரீஷ் முதல் வளைவை விட்டு வெளியே வரும்போது விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தான். அன்று காலை தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவன். சில நாட்களுக்கு முன்புதான் 13 வயது முடிந்திருந்தது.

மோட்டார்சைக்கிள் ஓட்டுபவருக்குக் கூடு கிடையாது, வார் கிடையாது, ஹேலோ கிடையாது. விழுந்தவுடன் அவரும் காருக்கு வெளியே நிற்பவர்தான். பின்னால் நெருக்கமாக வரும் வண்டிகளே பெரிய ஆபத்து. ஐரோப்பாவில் 2021ஆம் ஆண்டு மட்டும் மூன்று இளைஞர்கள் இப்படிப் போனார்கள்: 19 வயது ஜேசன் டூபாஸ்கியே, 14 வயது ஹூகோ மில்லான், 15 வயது டீன் பெர்த்தா விஞ்ஞாலெஸ். அந்த ஆண்டு முடிவதற்குள் உலகச் சம்மேளனம் குறைந்தபட்ச வயதை உயர்த்த முடிவெடுத்தது. கிராண்ட் பிரி பந்தயங்களில் 2023 முதல் பொது விதியாக 18 வயது. இளையோர் போட்டிகளிலும் வயது வரம்பு உயர்ந்தது. சில போட்டிகளில் ஒரே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பிள்ளைகளின் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. பதினைந்து வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு கூட்டமாகப் பாயும்போது முன்னால் ஒருவன் விழுந்தால் விலக இடமிருக்காது என்பதுதான் கணக்கு.

இலங்கையில் நடந்தது இன்னும் பெரிது. 2024 ஏப்ரல் 21 அன்று மலையகத்தின் தியத்தலாவையில், ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஃபாக்ஸ் ஹில் பந்தயம் நடந்தது. ஒரு கார் தடத்தில் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மார்ஷல்கள் மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தபோதே, இன்னொரு கார் கட்டுப்பாட்டை இழந்து ஓரத்தில் நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுக் குழந்தை உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பந்தயப் பணியாளர்களும் இருந்தார்கள். புத்தாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்கப்போன கூட்டம் அது. ல மானுக்கும் தியத்தலாவைக்கும் இடையில் 69 ஆண்டுகள். இந்த 69 ஆண்டுகளில் காருக்குள் எவ்வளவோ மாறிவிட்டது. கூட்டத்துக்கும் தடத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரமும் சுவரும் எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேரவைப்பது எது? பெரும்பாலும் ஒரு காகிதம்தான். 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் தொடங்கவிருந்தது. எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் வந்தால்தான் நடத்தலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. மழையால் ஆய்வு தாமதமாக, நீதிமன்றம் கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் நிகழ்ச்சிகள் இரவுவரை தள்ளிப்போயின. காத்திருந்த கூட்டம் சலித்துக்கொண்டது. எனக்கு அந்தத் தாமதம் நல்ல செய்தியாகவே பட்டது. இத்தனை பேர் காத்திருக்கும்போதும் ஒருவர் போய்த் தடுப்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்வரை கார் கிளம்பவில்லை என்பதுதான் அதன் பொருள்.

டொராண்டோ இண்டி 2026 முதல் மார்க்கத்துக்கு மாறுகிறது என்று 2025இல் அறிவித்தார்கள். எக்சிபிஷன் பிளேஸுக்குப் போகாதவர்கள்கூட இனிப் போவார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர், நடந்தே போகலாம். அஜித்தின் காணொளியைப் பார்த்து வளரும் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்கக் கேட்பார்கள். கூட்டிப்போங்கள், அருமையான விளையாட்டு. நேர்ச்சாலை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில், பிரேக் பிடிக்காத கார் நேராக எங்கே போகும் என்று முதலில் பாருங்கள். அந்த இடத்தில் நிற்காதீர்கள். வேலியில் சாயாதீர்கள். வண்டி வரும் திசைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். கார்ட் ஓட்டப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள், காப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுமுன் கழுத்துப் பாதுகாப்பு என்ன, அருகில் மருத்துவர் உண்டா, ஒரே நேரத்தில் எத்தனை வண்டி ஓடும் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்த விளையாட்டில் இன்று விதியாக இருப்பவை ஒரு காலத்தில் யாரோ சிலர் மட்டும் கேட்ட கேள்விகள்தான்.

வேலியோரம் கொடியோடு ஒருவர் நிற்பார். பின்னால் போங்கள் என்று அவர் சொன்னால் உடனே போய்விடுங்கள். வருகிற காரை நம்மைவிட முன்னால் பார்ப்பவர் அவர்தான்.