தக்காளியும் இத்தாலியர் அடுக்களையும்

உணவின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒரு வியப்பு அடிக்கடி நேர்வதுண்டு. ஒரு நாட்டு மக்கள், ‘இது எங்கள் முன்னோர் தொன்றுதொட்டு உண்டு வந்தது’ என்று எதனைப் பெருமையோடு எடுத்துக் காட்டுகின்றனரோ, அதுவே பல வேளைகளில் அந்நாட்டிற்குக் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்த பொருளாக இருக்கும். இத்தாலி நாட்டின் தக்காளிக் குழம்பு அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. கோதுமை மாவினாற் செய்த பாஸ்தாவை வேகவைத்து, அதன்மேல் செந்நிறக் குழம்பை வார்த்து உண்பது இத்தாலியர் வழக்கம் என்பதை இன்று உலகமே அறியும். ஆயினும் அவ்விரண்டும் ஒரே தட்டில் சேர்ந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. அவை சேர்ந்த கதை, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மனோர் அறிந்துகொள்ளத் தக்க கதையாகும்.

மாவுப் பண்டம் வந்த வழி

முதலில் பாஸ்தாவைக் காண்போம். மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகர வணிகர் சீனத்திலிருந்து இதனைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது வெறுங்கதையே. அவர் தாயகம் திரும்பியது 1295-ஆம் ஆண்டில். அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1154-இல், சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜரின் அவையிலிருந்த அல் இத்ரீசி என்னும் அராபியப் புவிநூலறிஞர், பலெர்மோ நகருக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரியா’ என்ற மாவிழைப் பண்டம் மிகுதியாகச் செய்யப்பட்டுக் கப்பல்களில் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியானதை எழுதி வைத்துள்ளார். 1279-இல் ஜெனோவா நகரில் எழுதப்பட்ட சொத்துப் பட்டியல் ஒன்றிலும் ‘மக்கரோனி’ குறிக்கப்பட்டுள்ளது. உலர்த்திச் சேமித்துக் கடலில் நெடுந்தூரம் கொண்டு செல்லத்தக்க இப்பண்டத்தை இத்தாலியர் அறிந்ததில் அராபியர் தொடர்புக்குப் பெரும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

அக்காலத்தில் பாஸ்தாவிற்குத் துணையாக அமைந்தது பாலாடைக்கட்டியே. செல்வர் இல்லங்களில் சருக்கரையும் இலவங்கப்பட்டைப் பொடியும் தூவி உண்டதுமுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் மாவு பிசையும் பொறியும், பிசைந்த மாவைத் துளைகள் வழியே அழுத்திப் பிழியும் பொறியும் பெருகின. இவை நம் இல்லத்து முறுக்கு அச்சின் பெரிய உருவங்கள் எனலாம். பாஸ்தாவின் விலை தாழ்ந்தது. இறைச்சி எளியோர்க்கு எட்டாத பொருளாகியது. அதுவரை ‘இலை தின்பவர்’ என்று பிறரால் ஏளனம் செய்யப்பட்ட நேப்பிள்ஸ் மக்கள், அதன்பின் ‘மக்கரோனி தின்பவர்’ எனப் பெயர் பெற்றனர். 1787-இல் அந்நகருக்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கதே, தெருவோரங்களில் விற்ற மக்கரோனியைத் தம் பயணக் குறிப்பில் விவரித்துள்ளார். நீரில் வேகவைத்துத் துருவிய பாலாடைக்கட்டியைத் தூவுவது பற்றியே அவர் எழுதுகிறார். தக்காளியைப் பற்றி அங்கே பேச்சில்லை.

பொற்கனி

தக்காளியின் தாயகமோ அமெரிக்கக் கண்டம். தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காட்டுச் செடியாக வளர்ந்த இதனை மெக்சிக்கோ நாட்டு மக்கள் பண்படுத்திப் பயிரிட்டனர். அவர்களது நாவாத்துல் மொழியில் இதன் பெயர் ‘ஷித்தோமாத்ல்’. 1521-இல் ஸ்பானியர் அந்நாட்டுத் தலைநகரை வென்றனர். அந்நூற்றாண்டிலேயே அங்கு வாழ்ந்த சாகுன் என்னும் துறவி, அந்நாட்டுச் சந்தைகளில் தக்காளியும் மிளகாயும் சேர்த்த குழம்பு வகைகளை விற்றோரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஆகவே தக்காளிக் குழம்பின் முதல் ஆசிரியர் இத்தாலியரும் அல்லர், ஸ்பானியரும் அல்லர். தம் நாட்டை இழந்த அம்மக்களே ஆவர்.

இத்தாலியில் இக்கனியை முதலில் எழுத்திற் குறித்தவர் மத்தியோலி என்னும் மருத்துவர். 1544-இல் வெளியிட்ட நூலில் இதனைக் கத்தரிக்காயின் இனமாகக் கருதிய அவர், 1554-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பொமி தோரோ’ என்ற பெயரையும் தந்தார். ‘பொன் ஆப்பிள்’ என்பது அதன் பொருள். இதற்கிடையில் 1548-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், பீசா நகரிலிருந்த கோசிமோ தே மெதிச்சி கோமகனின் மாளிகைக்கு ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்த செய்தியும் கடிதமொன்றிற் பதிவாகியுள்ளது. அக்காலத்தில் மேன்மக்கள் இதனைக் கண்ணுக்கினிய புதுமைப் பொருளாகவே போற்றினர். நஞ்சுச் செடிகள் சில இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அன்றியும், இது குளிர்ச்சியும் ஈரமும் மிக்கது, செரிமானத்திற்கு ஆகாதது என்று மருத்துவர் கூறினர். எனவே உண்ணுதற்குப் பலரும் அஞ்சினர்.

அந்த அச்சம் நீங்கியது தெற்கே. நேப்பிள்ஸ் நாடு இருநூறு ஆண்டுகள் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. அங்கே உயர் அதிகாரி ஒருவரின் மாளிகையில் விருந்து மேலாளராக விளங்கிய அந்தோனியோ லத்தீனி, 1692-இலும் 1694-இலும் இரு பகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு தக்காளிக் குழம்பு காணப்படுகிறது. பழங்களைத் தணலிற் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பொடியாக நறுக்கி, உப்பும் எண்ணெயும் காடியும் கலப்பது அதன் முறை. கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்யும் நம் தாய்மார்க்கு இது புதிதாகத் தோன்றாது. இதற்கு லத்தீனி இட்ட பெயர் ‘ஸ்பானிய முறைத் தக்காளிக் குழம்பு’ என்பது. இத்தாலியரின் சொத்து என்று உலகம் கருதும் பண்டம், அவர்கள் நூலில் முதன்முதல் அயலார் பெயரோடுதான் நுழைந்தது! அக்குழம்பும் பாஸ்தாவிற்காகச் செய்யப்பட்டதன்று.

ஒரே தட்டில்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தக்காளி தென்னிந்தாலிய நிலமெங்கும் பரவிவிட்டது. 1837-இல் இப்போலித்தோ கவல்கந்தி என்னும் நேப்பிள்ஸ் பெருமகன் ஒரு சமையல் நூல் எழுதினார். 1839-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். புலவர் போற்றிய இத்தாலிய நடையை விடுத்து, நேப்பிள்ஸ் தெருக்களில் வழங்கிய பேச்சு மொழியிலேயே, எளிய இல்லங்களின் சமையலை அதில் எழுதினார். தக்காளியோடு கூடிய வெர்மிசெல்லி அங்கேதான் இடம்பெற்றது. அரண்மனை விருந்துகளை எழுதிய நூல்கள் விட்டுவிட்டதை, வீட்டு மொழியில் எழுதிய சில பக்கங்கள் காப்பாற்றித் தந்தன.

1861-இல் இத்தாலி ஒரே நாடாயிற்று. 1891-இல் பெல்லெகிரீனோ அர்த்தூசி வெளியிட்ட சமையல் நூல் நாடெங்கும் பரவியது. எல்லார் வீட்டுச் செய்தியிலும் தலையிட்ட பாதிரியார் ஒருவரை ஊரார் ‘தக்காளிச் சாமியார்’ என்று அழைத்ததாக அவர் நகைச்சுவையோடு எழுதுகிறார். தக்காளிதான் எல்லாப் பண்டத்திலும் நுழைந்துவிடுகிறதே என்பது கருத்து. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அஞ்சி ஒதுக்கப்பட்ட கனி இந்நிலையை எய்தியது.

புட்டியில் அடைத்த கோடை

தக்காளி கோடையிற் பழுப்பது. பசியோ ஆண்டு முழுதும் உள்ளது. ஆகவே சேமிக்கும் வழி தேவைப்பட்டது. சிசிலித் தீவின் பெண்டிர் தக்காளிச் சாற்றைப் பலகைகளிற் பரப்பி, ஆகஸ்டு வெயிலில் அடிக்கடி கிளறிவிட்டு, கருஞ்சிவப்பான சாந்தாகும்வரை உலர்த்தினர். மாடியில் வடாம் பிழிந்து காக்கைக்குக் காவலிருந்தவர்க்கு அவ்வுழைப்பின் தன்மை நன்கு தெரியும். 1810-இல் பிரெஞ்சுக்காரரான அப்பேர், கலத்தில் அடைத்துக் காற்றுப் புகாமல் மூடிக் கொதிநீரில் வைத்து உணவைக் காக்கும் முறையை வெளியிட்டார். 1856-இல் தூரின் நகரில் பிரான்செஸ்கோ சீரியோ அம்முறையிற் பட்டாணியை அடைத்து விற்கத் தொடங்கினார். பின்னர் தக்காளியும் தகரக் குவளைக்குள் புகுந்தது. வெசூவியஸ் மலைக்கு அருகிலுள்ள சார்னோ ஆற்றுப் பகுதியின் நீண்ட சான் மர்சானோத் தக்காளி இதற்குப் பெயர் பெற்றது. 1996 முதல் அப்பெயருக்கு ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

எனினும் தென்னிந்தாலியக் குடும்பங்கள் பல இன்றும் கோடை இறுதியில் ஒன்றுகூடி ஆண்டிற்கு வேண்டிய குழம்பைத் தாமே செய்துகொள்கின்றன. பழத்தை வேகவைத்துத் தோலும் விதையும் நீங்க அரைத்து, புட்டிகளில் ஓரிலைப் பேசிலோடு அடைத்து, துணி சுற்றிப் பெரிய கொப்பரையில் அடுக்கி, நீர் நிரப்பிக் கொதிக்க வைப்பர். தக்காளியிலுள்ள புளிப்பு, கொடிய நச்சுக் கிருமி வளர்வதைத் தடுக்க வல்லது. அதனாலேயே இம்முறை பயன் தருகிறது. புளிப்புக் குறைந்த பழமாயின் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அறிவுடைமை.

இவ்வினிய காட்சிக்கு மறுபுறமும் உண்டு. தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தக்காளியைக் கொளுத்தும் வெயிலிற் பறித்தோருள் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த ஏழைகள் பலர். இடைத்தரகர் அவர்தம் கூலியைச் சுரண்டிய கொடுமை பெரிதாகி, அதனைத் தண்டிக்க 2016-இல் இத்தாலி தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. உரோமுக்குத் தெற்கே லத்தீனாச் சமவெளியில் வேளாண் கூலிகளாக உழைப்போருள் பஞ்சாபிலிருந்து சென்ற நம் நாட்டவரும் உளர். உணவின் பெருமை பேசுவோர் அதனை விளைத்த கைகளை மறத்தல் ஆகாது.

கடல் கடந்தோர்

1880-க்கும் 1924-க்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியர் வறுமை தாங்காது அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குக் குடியேறினர். பெரும்பாலோர் தென்பகுதியினர். ஊரில் இருந்தபோது அவர்கள் தம்மைச் சிசிலியர் என்றும் கலாபிரியர் என்றும் கூறிக்கொண்டனரேயன்றி, இத்தாலியர் என்று எண்ணியதில்லை. அயலார் அனைவரையும் ஒரே பெயரால் அழைத்தபோதுதான் அவ்வெண்ணம் பிறந்தது. திருநெல்வேலியாரும் தஞ்சாவூராரும் கோயமுத்தூராரும் இங்கு வந்தபின் ‘மதராசி’ என்ற ஒரே பெயரைக் கேட்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஊரில் திருவிழாவில் மட்டும் கண்ட இறைச்சி புது நாட்டில் எளிதிற் கிடைத்தது. குழம்பில் இறைச்சி உருண்டைகள் மிதந்தன. ஞாயிறுதோறும் குடும்பம் அதனைச் சுற்றி அமர்ந்தது. ஆனால் அந்நாட்டுச் சமூகப் பணியாளர் பலர் குடியேறியோர் இல்லங்களுக்குச் சென்று, பூண்டையும் பாஸ்தாவையும் விடுத்துப் பாலும் அமெரிக்க உணவும் உண்ணுமாறு அறிவுரை கூறினர். பிள்ளைகள் பள்ளியில் வீட்டு உணவைப் பிறர் காணாதவாறு மறைத்து உண்டனர். தாய்மார் அதனைக் கண்டும் சமைப்பதை நிறுத்தவில்லை. அறிவுரை கூறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று அதே குழம்பை விரும்பி உண்கின்றனர்.

செய்யும் முறை

நால்வர்க்கு ஒரு கிலோ பழுத்த தக்காளி வேண்டும். நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும் மிக்கது. சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியே இதற்கு ஏற்றது. கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டுத் தோலுரித்து, விதை நீக்கி நறுக்குக. அகன்ற பாத்திரத்தில் நான்கு கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு இரு பல்லை மெல்லிய தீயில் பொன்னிறமாக்கித் தக்காளியைச் சேர்க்க. அளவாக உப்பிட்டு, மூடாமல் அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் நீர் வற்றி எண்ணெய் பிரியும். இறக்கும்போது பேசில் இலை இடுக. திருநீற்றுப் பச்சிலை என்று நாம் வழங்கும் செடியே அஃது. ஆளுக்கு 100 கிராம் பாஸ்தா, அதற்கு ஒரு லிட்டர் நீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. சற்றே கடிபடும் பதத்தில் வடித்துக் குழம்பிற் புரட்டுதல் வேண்டும். கடுகும் பெருங்காயமும் இல்லையே என்று முதல் முறை மட்டும் பொறுத்துக்கொள்க.

எது நம்முடையது?

நம் அடுக்களையிலும் இக்கதை நிகழ்ந்ததே. மணத்தக்காளி நம்மிடம் முன்பே இருந்தது. கடல் வழி வந்த புதுக் கனியைச் ‘சீமைத் தக்காளி’ என்றனர் நம் முன்னோர். நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்தது. தக்காளி இரசம் நம்முடையதாயிற்று. திவசச் சமையலில் தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் விலக்கப்படும் வழக்கம் பல இல்லங்களில் இன்றும் உண்டு. மிளகே காரம் தந்த பழைய அடுக்களையின் நினைவு, ஆண்டிற்கு ஒருநாள் அந்த இலையில் வந்து அமர்கிறது.

ஆகவே, வந்த பொருள் என்பதால் ஒன்று அயலதாகிவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைகள் உழைத்துப் பழகிய பொருள் உரிமைப் பொருளாகிறது. வேற்றூரில் வளரும் நம் பிள்ளைகள் ஒரு கவளம் இரசஞ்சோற்றோடு ஒரு பராத்தாவையும் விரும்பினால் நாம் மனங்கலங்க வேண்டுவதில்லை. கலங்க வேண்டியது வேறொன்றற்கு: கவல்கந்தி தம் ஊர்ப் பேச்சில் எழுதி வைத்ததைப்போல் நம் பாட்டிமார் கைப்பக்குவத்தை நாம் எழுதி வைக்கவில்லை. இக்காலனியிலேயே ஊருக்கொரு குழம்பும் வீட்டுக்கொரு பொடியும் உள்ளன. அவரவர் ஊர் வழக்கிலேயே அவற்றைக் கேட்டெழுதி, அடுத்த ஆண்டு மலரில் சில பக்கங்களேனும் நிரப்புவோமாயின், அது நம் சங்கம் வருங்காலத்தார்க்குச் செய்யும் நற்பணியாகும்.