மரத்துக்கும் எடிட்டருக்கும் இடையே ஒரு சர்வர்

எழுத்தைத் தலைப்பு, துணைத்தலைப்பு, உட்பிரிவு என்று மரம்போல அடுக்கி, வேண்டிய கிளையை விரித்தும் மற்றதை மடித்தும் பார்க்க உதவும் மென்பொருள் அவுட்லைனர். நிரல் எழுதும் எடிட்டருக்குள் இந்த மரத்தைக் கொண்டுவர ஒரு சர்வர் ஸ்கிரிப்ட் தேவைப்பட்டதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் என்.எல்.எஸ். என்ற கணினி அமைப்பை இயக்கிக் காட்டினார். கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை வகைவாரியாகப் பிரித்து, விரித்து மடக்கியதும் அந்த விளக்கத்தில் அடங்கும். 1983இல் டேவ் வைனரின் நிறுவனம் வெளியிட்ட திங்க்டேங்க், 1986இல் மேக்கின்டாஷுக்கு வந்த மோர் ஆகியவை இந்த வசதியைத் தனிநபர் கணினிக்குக் கொண்டுவந்தன.

இன்னொரு பக்கம், கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1984இல் இலக்கியநயமான நிரலாக்கம் என்ற கருத்தை முன்வைத்தார். நிரலைக் கணினிக்கு ஏற்ற வரிசையில் அல்லாமல், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வரிசையில் துண்டு துண்டாக எழுதலாம்; ஒரு கருவி அவற்றைக் கோத்துக் கணினிக்கான நிரலாக்கிவிடும்.

இந்தத் துண்டுகள் உண்மையில் ஒரு மரத்தின் கணுக்களே என்று கண்டவர் அமெரிக்க நிரலாளர் எட்வர்ட் ரீம். 1990களின் நடுவில் அவர் உருவாக்கத் தொடங்கிய லியோ எடிட்டரில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு தலைப்பும் ஓர் உடற்பகுதியும் உண்டு. ஒரே கணு ‘குளோன்’ ஆக மரத்தின் பல இடங்களில் நிற்கலாம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும். பின்னர் லியோ பைத்தான் மொழிக்கு மாறியது. திரை இல்லாமலே அதன் இயந்திரத்தை வேறொரு பைத்தான் நிரலிலிருந்து இயக்க ‘லியோபிரிட்ஜ்’ என்ற வாயிலும் அமைந்தது.

2015இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விஎஸ் கோட் எடிட்டர் நிரலாளரிடையே வேகமாகப் பரவியது. அதில் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் நீட்சிகள் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்டில் எழுதப்படுபவை. லியோவின் பைத்தான் இயந்திரம் அவற்றுக்குள் நேரடியாக ஓடாது. இந்தத் தடையைத் தாண்ட ஒரு முன்மாதிரி இருந்தது. 2016இல் அறிவிக்கப்பட்ட மொழிச் சர்வர் நெறிமுறை, நிரல்மொழி பற்றிய அறிவைத் தனிச் சர்வரில் வைத்து, எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுப் பெற வழிசெய்திருந்தது. ஐந்து எடிட்டர்களுக்கும் ஆறு மொழிகளுக்கும் முப்பது இணைப்புகள் எழுதுவதற்குப் பதிலாகப் பதினொன்று போதும்.

லியோவின் சர்வர் ஸ்கிரிப்டும் இந்த வழியில் செல்கிறது. அது லியோபிரிட்ஜ் மூலம் மரத்தைத் திறந்துவைத்து, வெப்சாக்கெட் என்ற இருவழி இணைப்பில் காத்திருக்கும். எடிட்டர் அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளும் ஜேசன் என்ற உரை வடிவில் இருக்கும்: ஓர் அடையாள எண், செய்ய வேண்டிய செயல், அதற்கான விவரம். பதிலும் அதே எண்ணோடு திரும்புவதால் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்ற குழப்பம் இல்லை. விஎஸ் கோட் தன் பக்கப்பலகையில் மரத்தை வரைகிறது. கணுவின் உடற்பகுதியை, வட்டில் இல்லாத ஒரு மெய்நிகர்க் கோப்பாகத் திறக்கிறது.

இதில் கடினமானது இணைப்பு அன்று, இரு பக்கமும் ஒத்துப்போவதே. எடிட்டரில் தட்டிய எழுத்து சர்வரைச் சேருமுன் வேறு கணுவுக்குத் தாவினால் திருத்தம் தொலையக்கூடும். ஒரே தலைப்பில் பல கணுக்கள் இருக்கலாம். குளோன்கள் பல இடங்களில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு கணுவும் மாறாத அடையாளக்குறியாலும், மரத்தில் அது நிற்கும் பாதையாலும் சுட்டப்படுகிறது. மரத்தின் உண்மை நிலை சர்வரிடம் மட்டுமே இருக்கும். எடிட்டர் அதைக் காட்டும் சாளரம்.

பின்னர் லியோவின் இயந்திரமே டைப்ஸ்கிரிப்டில் மறுபடி எழுதப்பட்டு, சர்வர் இல்லாமல் விஎஸ் கோட்டுக்குள் ஓடும் வடிவமும் வந்தது. லியோவைப் பைத்தான் ஸ்கிரிப்டுகளால் இயக்கிப் பழகியவர்களுக்கு, தங்கள் மரத்தை விஎஸ் கோட்டில் திறக்க அந்தச் சர்வரே இன்றும் வழி.