அணு அழிவுத் திரைப்படங்கள்

அணு ஆயுதம் விளைவிக்கும் பேரழிவைப் பொருளாகக் கொண்ட படங்கள். இவ்வகை வேரூன்றியது ஜப்பானில். ஆனால் 1945-இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்த பிறகும், அமெரிக்க ஆக்கிரமிப்புத் தணிக்கை அதைத் திரையில் எளிதாகப் பேச விடவில்லை. ஆக்கிரமிப்பு 1952-இல் முடிந்தது. அதே ஆண்டில் ஹிரோஷிமாக்காரரான கனேட்டோ ஷிண்டோ, குண்டுக்குத் தப்பிய குழந்தைகளைத் தேடிவரும் ஓர் ஆசிரியையின் கதையைப் படமாக்கினார்.

திருப்பம் கடலிலிருந்து வந்தது. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், சூரை பிடிக்கப் போன ஒரு ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர் மீதும் படிந்தது. அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் ‘காட்ஸில்லா’ வெளிவந்தது. கண்ணைப் பறிக்கும் ஒளியில் கப்பலொன்று எரிந்து மூழ்குவதே அதன் தொடக்கக் காட்சி. அன்றைய ஜப்பானியருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 1956-இல் அமெரிக்காவுக்காக மாற்றி வெட்டிய பதிப்பில் இந்தக் கசப்பு பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

உலகப் போரையே காட்டியது டோஹோ நிறுவனத்தின் ‘கடைசிப் போர்’ (1961). இயக்கம் ஷூயே மாட்சுபயாஷி. நகரங்கள் உருகும் தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயாவுடையவை. நாயகன் தமுரா, பத்திரிகையாளர்களுக்குக் கார் ஓட்டுபவர். வல்லரசுகள் மோத, அவர் குடும்பத்தோடு கடைசி விருந்துக்கு உட்காருகிறார்.

இந்தியாவில் இப்பொருளை முதன்மையாகச் சுமந்தது ஆவணப்படமே. 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளுக்குப் பின் ஆனந்த் பட்வர்தன் இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கா எனச் சுற்றி ‘ஜங் அவுர் அமன்’ (2002) எடுத்தார். தணிக்கை வாரியம் 21 வெட்டுகள் கேட்டது. அவர் வழக்காடினார், 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. தமிழில் ஆர்.பி. அமுதன் மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய ஊர்களைத் தொடராகப் படம்பிடித்தார். போர் அல்ல, அன்றாடக் கதிர்வீச்சே அவர் கவலை.

கதைப்படங்களில் இதற்கு அருகில் வருவது அதியன் ஆதிரை இயக்கி, பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்சன்ஸ் தயாரித்த ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019). கரையொதுங்கும் வெடிக்காத குண்டு அணுகுண்டன்று. காயலான் கடைக்குப் போய், செல்வம் (தினேஷ்) ஓட்டும் லாரியில் அவனறியாமலே ஏறிவிடுகிறது. இங்கும் நாயகன் ஓட்டுநர்தான். தமுராவுக்குப் போர் செய்தியாக வந்து சேர்கிறது. செல்வத்துக்கோ அது சுமையோடு சுமையாகக் கூடவே வருகிறது. குண்டைத் தேடும் ஓட்டத்தைவிட, பழைய இரும்புத் தொழிலாளரின் பாதுகாப்பற்ற உழைப்பையும் கூலியையும் காட்டும் பகுதிகளே படத்தில் வலுவானவை.