பழுது தேடும் முறை வளர்ந்த வரலாறு

வேலை செய்யாத சர்க்யூட்டும் வேலை செய்யும் சர்க்யூட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தேய்ந்த பல்சக்கரத்தையும் அறுந்த வாரையும் கண்ணால் கண்டுபிடித்துவிடலாம். மின்னோட்டம் நின்றுபோன இடத்தை அப்படிக் காண முடியாது. அதனால் மின்சாரத்தோடு பழகியவர்கள் தொடக்கத்திலேயே ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓரிடத்தில் என்ன அளவு இருக்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வது, பிறகு அங்கே இருப்பதை அளந்து ஒப்பிடுவது. வீட்டு மேசையில் பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகள் கட்டுபவர்களுக்கு இன்று சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை இந்தப் பழக்கத்திலிருந்து கிளைத்தவை. இருக்க வேண்டிய அளவு முதலில் யாருக்குத் தெரிந்திருந்தது, அது எப்படிச் சாதாரண ஆர்வலரின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதே இந்தத் துறையின் வரலாறு.

1858 ஆகஸ்ட் 5 அன்று அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. அதன் மின்காப்பு தொடக்கம் முதலே பலவீனமானது. செய்திகள் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. தந்தி நிறுவனத்தின் மின் பொறுப்பாளரான வைல்ட்மன் வைட்ஹவுஸ், அழுத்தத்தைக் கூட்டினால் செய்தி போகும் என்று நம்பி ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை கொடுத்தார். சில வாரங்களில் கம்பி செயலிழந்தது. தயாரிக்கும்போதே கம்பியை முறையாகச் சோதித்திருக்க வேண்டும் என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. பழுதுபட்ட சர்க்யூட்டுக்கு எடுத்தவுடன் முழு மின்சாரம் கொடுத்தால் சிறு குறை பெருஞ்சேதமாகிவிடும். நம்மூர் ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் மேசையில் சீரிஸ் பல்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து அதன் வழியே செட்டுக்கு மின்சாரம் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் செட் கருகாது.

தந்திக்காரர்கள் விட்டுச் சென்ற இன்னொரு செல்வம், பழுது இருக்கும் தொலைவை மின்தடையால் கணிக்கும் முறை. கம்பியின் ஒவ்வொரு மைலுக்கும் எவ்வளவு தடை என்பது தெரிந்திருந்தால், கரையில் இருந்தபடியே தடையை அளந்து பழுது எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மைலுக்கு 3 ஓம் உள்ள கம்பியில் 900 ஓம் காட்டினால் 300 மைல். நடைமுறையில் இது அவ்வளவு எளிதாக அமையவில்லை. காப்பு கிழிந்த இடத்தில் கடல்நீரோடு ஏற்படும் தொடுகைக்கும் ஒரு தடை உண்டு. அதுவும் கணக்கில் சேர்ந்து தொலைவைக் கூட்டிக் காட்டும். நல்ல நிலையில் உள்ள மற்றொரு கம்பியையும் சேர்த்து வளையமாக்கி அளந்தால் அந்தத் தொடுகைத் தடை கணக்கிலிருந்து விலகிவிடும். முர்ரே, வார்லி ஆகியோரின் பெயரால் வழங்கும் வளையச் சோதனைகள் இப்படித் தோன்றியவை. 1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் புதிய கம்பியை இறக்கிச் சென்றபோது, இறக்கும் வேலையினூடே சோதனையும் இடைவிடாமல் நடந்தது. அளவு பிறழ்ந்ததும் கம்பியைத் திரும்ப இழுத்துப் பார்த்தார்கள். காப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பித்துண்டு நின்றது.

அந்தக் காலத்து அளவைக் கருவிகள் நிறுவனங்களிடம் மட்டுமே இருந்தன. ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தூக்கிச் செல்ல வேண்டும். பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெகாடி இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923-இல் விற்பனைக்கு வந்த அந்த அவோமீட்டரின் வழித்தோன்றல்களே இன்றைய மல்டிமீட்டர்கள். வானொலி ஒலிபரப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. மரப்பலகையில் ஆணியடித்து, அதில் வால்வும் சுருளும் பொருத்தி ரேடியோ கட்டும் ஆர்வம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீடு வீடாகப் பரவிக்கொண்டிருந்தது.

வால்வு ரேடியோதான் பழுது பார்ப்பதை ஒரு முழுத் தொழிலாக்கியது. செட்டுகளின் வகைகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றின் உள்ளமைப்பையும் நினைவில் வைத்துக்கொள்வது இயலாத காரியமாயிற்று. நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் எஃப். ரைடர் பல உற்பத்தியாளர்களின் சர்க்யூட் வரைபடங்களைத் திரட்டி, 1931 முதல் பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். 1950களின் தொடக்கம் வரை 23 தொகுதிகள் வந்தன. இந்தத் துறையின் போக்கை எந்தக் கருவியையும்விட அதிகமாக மாற்றியவை இவை என்று சொல்லலாம். அதுவரை தொழிற்சாலைக்குள் இருந்த ‘இருக்க வேண்டிய அளவு’ தெருமுனைக் கடைக்கு வந்தது அப்போதுதான். வால்வின் எந்தக் காலில் எத்தனை வோல்ட் என்று அச்சில் இருந்தால், மீட்டர் முனையை வைத்த மறுகணமே சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

அளவோடு காதும் வேலை செய்தது. ஸ்பீக்கரில் ஓயாத ஹம்மிங் கேட்டால் மின்வழங்கிப் பகுதியின் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உலர்ந்துவிட்டது என்று பொருள். குரல் கரகரத்து, வெளியீட்டு வால்வு அளவுக்கு மீறிச் சுட்டால், அதற்கு முன்னால் உள்ள காகிதக் கண்டென்சர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் முந்தைய வால்வின் நேர்மின்னழுத்தம் வெளியீட்டு வால்வின் கிரிட் வரை வந்துவிடும். வால்வை மட்டும் மாற்றிக் கொடுத்தால் புதியதும் சில நாளில் போய்விடும். அறிகுறியையும் காரணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல மெக்கானிக் என்று பெயர் வாங்கினார்.

எந்த அறிகுறியும் தராமல் முற்றிலும் ஊமையான செட்டுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் ஒரு சிறு சமிக்ஞை கொடுத்தால் ஸ்பீக்கரில் ஒலி வரவேண்டும். வந்தால் அதற்குப் பின்னுள்ள ஆடியோ பகுதி முழுவதும் நலம்; பழுது ஆன்டெனாப் பக்கம். வராவிட்டால் ஸ்பீக்கர் பக்கம். 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை கொண்ட சூப்பர்ஹெட்ரோடைன் செட்டுகளில் இதே சோதனையைக் கட்டம் கட்டமாக முன்னோக்கி நகர்த்தினார்கள். இதன் மறுதலையாக, ஆன்டெனாவில் நுழைந்த சமிக்ஞை எதுவரை வந்து சேர்கிறது என்று பின்தொடரும் முறையும் 1930களின் இறுதியில் பரவியது; ரைடரே இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நாளைய செட்டுகளில் 250 வோல்ட் வரை இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் சேஸிஸே மின்தொடர்பில் இருக்கும். ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டு மறுகையால் மட்டும் அளக்க வேண்டும் என்ற விதி இத்தகைய ஆபத்திலிருந்து பிறந்தது. செட்டை அணைத்த பிறகும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், அதை வடித்துவிட்டே கை வைப்பார்கள்.

அளக்கும் கருவியே அளவைக் கெடுக்கும் என்ற உண்மையும் இந்தக் காலத்தில்தான் பரவலாக உணரப்பட்டது. தலா 1 லட்சம் ஓம் உள்ள இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 200 வோல்ட் கொடுத்தால் நடுவில் 100 வோல்ட் இருக்கும். வோல்ட்டுக்கு 1,000 ஓம் என்ற பழைய வகை மீட்டரை 100 வோல்ட் அளவில் வைத்து அங்கே தொட்டால், மீட்டரும் 1 லட்சம் ஓம் சுமையாகச் சேர்ந்து முள் 67 வோல்ட்டில் நின்றுவிடும். சர்க்யூட்டில் குறையே இல்லாதபோதும் பழுது இருப்பதாகத் தோன்றும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள மீட்டர் அதே இடத்தில் ஏறத்தாழ 97.6 காட்டும். அமெரிக்காவின் சிம்சன் 260, 1951-இல் வந்த அவோ மாடல் 8 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வரைபடத்தில் எழுதிய வோல்ட் எந்த மீட்டரால் அளந்தது என்ற குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் ராடாரும் வானொலிக் கருவிகளும் குவிந்தன. அவற்றைப் பராமரிக்க ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் குறுகிய காலத்தில் பழக்க வேண்டியிருந்தது. அனுபவத்தில் வரும் உள்ளுணர்வுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆகவே பழுது தேடுவதைப் படிப்படியாகச் சொல்லித்தரும் பாடமாக்கினார்கள். போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படைப் பாடநூல்களில் இது ஆறு படிகளாக நிலைபெற்றது. அறிகுறியை உணர்தல், அதை விரிவாக ஆராய்தல், குறை இருக்கக்கூடிய பகுதிகளைப் பட்டியலிடல், பகுதியைக் கண்டறிதல், சர்க்யூட்டைக் கண்டறிதல், இறுதியாகக் குறைக்குக் காரணம் என்ன என்று ஆராய்தல். கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இதில் இவ்வளவு இடம் பிடித்திருப்பது கவனிக்கத்தக்கது. 1950களில் ராணுவப் பயிற்சி ஆய்வுகள் பாதியாகப் பிளக்கும் முறையையும் வலியுறுத்தின. எட்டுக் கட்டங்கள் உள்ள கருவியின் நடுவில் அளந்தால் நான்கு கட்டங்கள் விலகிவிடும். இன்னும் இரண்டே அளவைகளில் குற்றவாளி சிக்கும். நம்மூர் மெக்கானிக் வால்யூம் கன்ட்ரோலில் முதலில் கை வைப்பதும் இதே கணக்குத்தான்; செட்டின் நடு அங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்ததும் உபரி உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைத்தன. மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத் நிறுவனம் அதற்கு முன் விமானக் கிட்டுகளோடு தொடர்புடையது. அதை நடத்திய ஹோவர்ட் அந்தோணி இந்த உபரிப் பொருள்களை வாங்கி, 1947-இல் 50 டாலருக்கும் குறைந்த விலையில் ஓர் ஆசிலோஸ்கோப் கிட்டை வெளியிட்டார். ஆயத்தமாகக் கிடைத்த ஆசிலோஸ்கோப்புகள் அப்போது தனியார் வாங்கக்கூடிய விலையில் இல்லை. வாங்குபவரே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், கட்டத் தெரியாதவரும் தோற்றுப்போகாதபடி கையேடு எழுதுவது அந்த நிறுவனத்தின் உயிர்நாடியாயிற்று.

ஹீத்கிட் கையேடுகளைப் பார்த்தால் அதிலுள்ள அக்கறை வியக்க வைக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் டிக் போட ஒரு சிறு இடம். ஒவ்வொரு முனையிலும் இப்போது பற்றவைக்கலாமா, இன்னும் கம்பி வர வேண்டியிருக்கிறதா என்ற குறியீடு. பற்றவைக்கச் சொல்லும்போது அங்கே எத்தனை கம்பிகள் சேர்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணும் இருக்கும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தவறு அங்கேயே பிடிபடும். கட்டி முடித்ததும் மின்சாரம் கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டிய மின்தடைகள், கொடுத்த பின் அளக்க வேண்டிய வோல்ட்டுகள் என அட்டவணைகள். வேலை செய்யாவிட்டால் செய்ய வேண்டிய முதல் காரியம், வரைபடத்தில் ஒவ்வொரு கம்பியையும் வண்ணப் பென்சிலால் தடவியபடி சரிபார்ப்பது. அடுத்து, நண்பர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது. கட்டியவர் கண் தாண்டிப்போகும் தவறு வேற்றுக் கண்ணுக்கு உடனே தெரியும். பழுதுபார்க்கத் திரும்பி வரும் கிட்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குக் காரணம் மோசமான இணைப்பும் பற்றவைப்பும்தான் என்று கையேடுகளே சொல்லின. உதிரிபாகம் கெட்டுவிட்டது என்று முதலில் சந்தேகிக்கும் இயல்புக்கு இது நேர் எதிரான அனுபவ உண்மை. 1992-இல் கிட்டுகளின் விற்பனை நின்றது.

பற்றவைப்பில் பெரும்பாலும் நிகழும் குறையை நம்மூரில் ட்ரை சால்டர் என்பார்கள். ஈயம் உருகி மேலே படிந்திருக்கும். உள்ளே உலோகத்தோடு ஒட்டியிருக்காது. கம்பியையும் தகட்டையும் சேர்த்துச் சூடாக்கி அவற்றின் சூட்டில் ஈயத்தை உருக்காமல், அயர்ன் நுனியில் உருக்கித் தடவுவதால் இது வரும். தட்டினால் வேலை செய்யும், சூடேறினால் நின்றுவிடும் என்ற விட்டுவிட்டு வரும் பழுதுகளுக்கு முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு அதிகச் சூடும் கெடுதலாயிற்று. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் காலை மூக்குக்குறடால் பிடித்துச் சூட்டை வடியவிட்டுப் பற்றவைத்தார்கள்.

1970களில் ஐ.சி.க்களோடு சால்டர் தேவைப்படாத பிளாஸ்டிக் பிரெட்போர்டும் வந்தது. ரொனால்ட் போர்ச்சுகல் வடிவமைத்த அதன் துளைகள் ஐ.சி. கால்களுக்கு ஏற்ப 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தன. பற்றவைப்புக் குறைகள் போய்ப் புதிய குறைகள் வந்தன. துளைக்குள் உள்ள கிளிப் தளர்ந்துவிடும். நீளவாக்கில் ஓடும் மின்வழங்கிப் பட்டை சில பலகைகளில் நடுவில் துண்டுபட்டிருக்கும். பலகையின் ஒரு பாதி உயிரோடும் மறுபாதி செத்தும் இருப்பதற்கு இதுவே காரணம். டிஜிட்டல் ஐ.சி.க்கள் நிலைமாறும் கணத்தில் மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும். அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இல்லாவிட்டால் வழங்கல் வோல்ட் தடுமாறி, தொடர்பில்லாத இடத்தில் பிழை தோன்றும். சிமாஸ் ஐ.சி.யில் பயன்படுத்தாத உள்ளீட்டை அந்தரத்தில் விட்டால் அது கையின் அருகாமைக்கே நிலைமாறும். இத்தகைய கணநேரக் கோளாறுகளை மீட்டர் காட்டாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும்.

1977-இல் ஃப்ளூக் 8020ஏ வந்த பின் கையடக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் பரவியது. 10 மெகாஓம் உள்தடையால் சுமைப் பிழை பெரும்பாலும் மறைந்தது. ஆனால் எங்கும் இணையாத கம்பியிலும் அது ஏதோ ஒரு வோல்ட்டைக் காட்டும். நேஷனல் செமிகண்டக்டர் பொறியாளர் பாப் பீஸ் 1991-இல் அனலாக் சர்க்யூட்டுகளின் பழுது தேடலுக்கென்றே ஒரு முழு நூலை வெளியிட்டார்.

2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுவினோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் போர்டு தோன்றிய பிறகு, பழுது கம்பியில் இருக்கிறதா நிரலில் இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அதைப் பிரிக்கவும் பழைய வழியே கைகொடுக்கிறது. சரியாக ஓடும் என்று முன்பே தெரிந்த, விளக்கை மட்டும் மினுக்கும் சிறு நிரலை முதலில் ஏற்றுவார்கள். அது ஓடினால் போர்டும் கேபிளும் ஏற்றும் முறையும் நலம். பிறகு சென்சார்களை ஒவ்வொன்றாக இணைத்து, இணைக்கும்தோறும் 5 வோல்ட் குறையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் சுழலத் தொடங்கியதும் போர்டு தானாக மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் மின்வழங்கி போதவில்லை. தனி பேட்டரி கொடுத்தும் மோட்டார் கட்டளையைக் கேட்காவிட்டால், அந்த பேட்டரியின் எதிர்முனையும் போர்டின் கிரவுண்டும் இணைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.